குழந்தையின் பங்கும் உழவரின் பங்கும்

பள்ளிப் பிள்ளைக்கு உணவளிப்பது அரசின் கடமையா, கொடையா என்னும் வாதம் நம் நாட்டில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய வழக்கம், 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவலாயிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. இன்று எழும் வினா வேறு. அவ்வுணவு யாருடைய நிலத்தில் விளைந்ததாய் இருக்க வேண்டும்? அதற்கு விலை கூடினால், அக்கூடுதலை யார் பணத்திலிருந்து கொடுப்பது?

வாரத்தில் இரண்டு நாட்களாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியங்களைச் சமைக்க, காலை உணவுக்கான அரசாணையே இடமளித்தது. மில்லர்புரத்தில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. ஒரு பக்கம், கடல் கடந்த நாடுகளின் பருப்பு வந்திறங்கும் துறைமுகம். மறுபக்கம் விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் எனக் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் கரிசல் காடு. அக்கரிசலில் கம்பு குறைந்து மக்காச்சோளம் மிகுந்ததையும், அது கோழித் தீவனமாகப் போவதையும் வாசகர்கள் அறிவார்கள். விலை கிடைக்கும் பயிரை உழவர் விதைக்கிறார். அவரைக் குறைகூற நாம் யார்?

பொதுப்பணம் நம் மண்ணிலேயே புழங்கட்டும் என்போர் சொல்லில் நியாயம் உண்டு. ஓர் ஊரின் ஜகாத்தை, அங்கே தகுதியுடையோர் இருக்கையில் வேறூருக்கு எடுத்துச் செல்லலாகாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஜகாத்தைப் பெறுபவர் அதற்கு உரியவர். இங்கே உழவரோ விற்பவர். உணவுப் பணத்திற்கு உரியது குழந்தையே.

ஆகவே பொருத்தமான ஒப்புமை எத்தீமின் சொத்துதான். அதனைக் காக்கும் வலீ, அப்பிள்ளையின் நலனுக்காகவே செலவிட வேண்டும். சந்தை விலையை விஞ்சிக் கொடுத்து வாங்கலாகாது. எத்துணை நற்காரியமாயினும் அதிலிருந்து தர்மம் செய்யலாகாது. அண்டை வீட்டார் ஏழை என்று எத்தீமின் காசில் இரக்கம் காட்டுவது எளிது. ஆனால் அந்த இரக்கத்தின் விலையைக் கொடுத்தவர் யார்?

அருகாமையே குழந்தைக்கு நலமாகும் இடங்களும் உண்டு. கம்பு எண்ணெய்ப்பசை மிக்க தானியம். அரைத்த மாவு சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்து முருங்கைக் கீரையும் நெடுந்தூரப் பயணத்தைத் தாங்காது. இவற்றை அருகிலே வாங்கச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பினும் அது குழந்தைக்காகக் கொடுப்பதே. அரிசியும் பருப்பும் அப்படியல்ல. நூறு கல் தொலைவிலிருந்து வந்தாலும் வயிற்றுக்கு வேற்றுமையில்லை. அங்கே கூடுதல் விலை உழவருக்காகவே கொடுக்கப்படுகிறது.

சிறு தொகைதானே என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். பிள்ளையொன்றுக்குக் காலையில் 50 கிராம் தானியமும் சாம்பாருக்கு 15 கிராம் பருப்பும் அளவு. அரிசி கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்தால் பிள்ளைக்கு அரை ரூபாய் கூடும். பருப்பு கிலோ 125 ரூபாய் என்று கொண்டால், அந்த அரை ரூபாய் நான்கு கிராம் பருப்பாகும். ஒதுக்கீடு உயராமல் விலை மட்டும் உயர்ந்தால், 15 கிராம் 11 ஆகும். சாம்பார் நீர்த்ததை எந்தத் தணிக்கையாளரும் எழுதமாட்டார். ஏழு வயதுப் பிள்ளை முறையிடவும் செய்யாது.

பிரேசில் நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவரிடம் பொருள் வாங்கச் செலவிட விதித்தது. உழவருக்கு உறுதியான சந்தை கிடைப்பது பெரிய காரியம். அதனை நாமும் வரவேற்கிறோம். கூடுதல் விலையின் கணக்கு மட்டும் தனியே இருத்தல் வேண்டும். தமிழகம் 2021-இல் வேளாண்மைக்கென்றே தனி நிதிநிலை அறிக்கை கண்டது. உழவருக்குத் தரும் ஊக்கத்தொகையை அந்த ஏட்டில் எழுதலாம். சமையற்கூடத்து ஏட்டில் 15 கிராம் 15 கிராமாகவே இருக்கட்டும்.