சரித்திரத்தை முழுசாய் வாசியுங்கள்!





இந்த மாதம் தேவ ஊழியர் சிலருடைய ஜீவிய சரித்திரங்களை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். "பாஸ்டர், வேதம் ஒன்று போதாதா?" என்று கேட்பீர்கள். வேதத்துக்குச் சமமான புஸ்தகம் பூமியிலே கிடையாது. ஆனாலும் 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் சிறையில் இருக்கிறார். மரணம் கிட்ட வந்துவிட்டது. 13-ஆம் வசனத்தில் அவர் என்ன கேட்டு அனுப்புகிறார்? குளிருக்கு ஒரு மேலங்கி, அதோடு புஸ்தகங்கள்! சாகப்போகிற அப்போஸ்தலனுக்கே வாசிப்பு தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு அதிகம்!

அதே அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தையும் பாருங்கள். துரோப்பீமு என்கிற சகோதரனை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகப் பவுல் எழுதுகிறார். யார் இந்தப் பவுல்? அப்போஸ்தலர் 19:12-இன்படி, இவர் சரீரத்தில் பட்ட துணியைக் கொண்டுபோனாலே வியாதிகள் ஓடின. அப்படிப்பட்டவருடைய உடன் ஊழியன் சுகமில்லாமல் கிடக்கிறான். பரிசுத்த ஆவியானவர் இதை மறைக்கவில்லை. எழுதி வைத்திருக்கிறார்.

தேவபிள்ளைகளே, நாமோ சரித்திரத்தைப் பாதி வாசிக்கிறோம். அற்புதம் நடந்த பக்கத்தை மட்டும் புரட்டுகிறோம். அதனால் என்ன ஆகிறது? வருஷக்கணக்காய் ஜெபித்தும் சுகம் கிடைக்காத ஒரு சகோதரி கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, "எனக்கு விசுவாசம் பத்தலையோ?" என்று உள்ளுக்குள் நொறுங்கிப்போகிறாள். நாமும் ஜாடைமாடையாய் அதையே சொல்லிவிடுகிறோம். யோபின் சிநேகிதர் செய்த வேலை இது! முழுச் சரித்திரம் வாசிக்கிறவன் அப்படிப் பேசமாட்டான்.

ஸ்மித் விகில்ஸ்வொர்த். பெந்தெகொஸ்தே ஜனங்களுக்கு மிகவும் பிரியமான பெயர். 1859-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர். பிறகு பிராட்ஃபோர்டில் குழாய் வேலை செய்தார். அவருக்குச் சரியாய் வாசிக்கத் தெரியாது. மனைவி பாலிதான் கற்றுக்கொடுத்தார். 1907-இல் சண்டர்லாந்தில் ஆவியின் அபிஷேகம் பெற்றார். அதன்பின் அநேக தேசங்களில் அவருடைய கூட்டங்களில் வியாதியஸ்தர் சுகமானதாகச் சாட்சி சொன்னார்கள். இதெல்லாம் நமக்குத் தெரியும்.

ஆனால் மற்ற பக்கங்கள்? 1913-இல் பாலி மரித்தார். 1915-இல் மகன் ஜார்ஜை அடக்கம்பண்ணினார். தேசதேசமாய் அவரோடு ஊழியத்துக்குப் போன மகள் ஆலிஸுக்குக் காது மந்தம். 1930-களில் அவருக்கே சிறுநீரகக் கல். தாங்க முடியாத வேதனையோடு மேடை ஏறி, மற்றவர்களுடைய வியாதிக்காக ஜெபித்தார்! ஆலிஸுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லத் துணிவீர்களா? அல்லது தகப்பனுக்கு விசுவாசம் இல்லை என்பீர்களா? நம் தேவன் சுகமாக்குகிற தேவன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது, எப்படி என்பது அவருடைய கரத்தில் இருக்கிறது.

ஜார்ஜ் முல்லர். 1805-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். வாலிபத்தில் தகப்பன் பணத்தையே திருடியவர். 16 வயதில் சிறைக்குப் போனவர். பிள்ளை கெட்டுப்போனான் என்று கண்ணீர்விடும் தாய்மாரே, இந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசியுங்கள்! கர்த்தர் அவரைத் தொட்டார். 1836-இல் பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். யாரிடமும் கைநீட்டவில்லை, முழங்காலில் நின்றே தம் நாட்களில் சுமார் 10,000 பிள்ளைகளைப் பராமரித்தார். ஜெபங்களையும் பதில்களையும் தேதிபோட்டுக் குறித்துவைத்து, தாமே புத்தகமாக வெளியிட்டார்.

அவர் 1844-இல் ஐந்து பேருடைய இரட்சிப்புக்காகத் தினமும் ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆள் இரட்சிக்கப்பட 18 மாதம் ஆனது. இரண்டாம் ஆளுக்கு மேலும் ஐந்து வருஷம். மூன்றாம் ஆளுக்கு அதற்குப் பின்னும் ஆறு வருஷம். 36 வருஷம் கழித்தும் இரண்டு பேர் அப்படியே இருந்தார்கள். அவரும் ஜெபத்தை விடவில்லை. ரொட்டிக்காக ஜெபித்தபோது காலையிலேயே பதில். ஆத்துமாவுக்காக ஜெபித்தபோது ஆயுசெல்லாம் காத்திருப்பு! நாம் 40 நாள் உபவாசம் முடிந்ததும் "ஏன் ஆண்டவரே?" என்று கேட்கிறோமே!

அருளப்பன். முல்லருடைய மனைவி மேரியின் சகோதரன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இந்தியாவுக்கு ஊழியராய் வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்தவர் நம் திருநெல்வேலிச் சீமையின் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். சம்பளத்தை நம்பாமல் கர்த்தரை நம்பி ஊழியம் செய்தார். 1860-இல் அவர் ஊழிய வட்டாரத்தில் எழுப்புதல் வந்தது. அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் விளங்கின. அசூசா தெரு எழுப்புதலுக்கு 46 வருஷம் முந்தியே தமிழ் மண்ணில் அக்கினி! அவருடைய டைரிக் குறிப்புகளை ஜி.ஹெச். லாங் 1939-இல் புத்தகமாக்கினார். வாலிபரே, தேடி வாசியுங்கள்.

ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்தவர். தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. டோனாவூரில், கோவில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த சிறுமிகளை மீட்டு வளர்த்தார். 1931-இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. 1951-இல் மரிக்கும்வரை சுமார் 20 வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். அந்தப் படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். உலகமெங்கும் உடைந்த உள்ளங்களுக்கு அவை மருந்தாயின. கட்டில் அவருக்குப் பிரசங்க பீடமானது! இன்று வீட்டில் படுத்திருக்கிற தாயாரே, உங்கள் ஊழியம் முடியவில்லை.

பண்டித ரமாபாய். இவருடைய சாட்சியையும் விடாதீர்கள். 1905-இல் இவருடைய முக்தி மிஷனில் விதவைகளும் அனாதைப் பெண்களும் ஆவியில் நிரம்பி ஜெபித்தார்கள். அதே ரமாபாய் 1921-இல் ஒரே மகள் மனோரமாவைப் பறிகொடுத்தார். ஆனாலும் கையிலிருந்த மராத்தி வேத மொழிபெயர்ப்பைக் கைவிடவில்லை. 1922-இல் கர்த்தரிடத்தில் சேர்ந்தார்.

இவைகளை எப்படி வாசிப்பது? முதலாவது, வேதத்தை வாசித்த பிறகு வாசியுங்கள்; ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் போதும். இரண்டாவது, ஊழியக்காரனை விக்கிரகமாக்காதீர்கள். எலியாவும் நம்மைப்போன்ற மனுஷன்தான் என்று யாக்கோபு எழுதுகிறார். மூன்றாவது, கண்ணீரின் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். நான்காவது, குடும்ப ஜெபத்தில் சத்தமாய் வாசியுங்கள். தமிழில் கிடைக்காததை, ஆங்கிலம் படித்த பிள்ளைகள் வீட்டாருக்கு வாசித்து அர்த்தம் சொல்லட்டும்.

எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். விசுவாசத்தினாலே சிங்கத்தின் வாயை அடைத்தவர்களும் உண்டு. 35-ஆம் வசனத்தின் நடுவிலிருந்து, விசுவாசத்தினாலே அடிபட்டு மரித்தவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் தேவன் கொடுத்த நற்சாட்சி ஒன்றே! நீங்கள் எந்தக் கூட்டத்தில் நின்றாலும் கர்த்தர் உங்களைத் தள்ளிவிடவில்லை.

ஜெபிப்போமா? அன்பின் பரம பிதாவே, காத்திருக்கிற உம்முடைய பிள்ளைகளைத் தேற்றும். அவர்களை நியாயந்தீர்த்த எங்கள் நாவுகளை மன்னியும். முடிவுவரை ஓடின உம்முடைய பரிசுத்தவான்களைப்போல எங்களையும் ஓடச்செய்யும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென். அல்லேலூயா!