கண்ணாடிப் பலகை வாத்தியமாகுமா?

வாத்தியம் என்பது யாது? மரத்தாலும் தோலாலும் நரம்பாலும் ஆனது மட்டுமே வாத்தியமா. அன்றி மனிதன் தன் உள்ளத்து ஓசையைப் பிறர் செவிக்குக் கொண்டு சேர்க்கும் எப்பொருளும் வாத்தியமா? இக்கேள்வி பண்டிதர்கள் பொழுதுபோக்கிற்காகப் பேசும் கேள்வியன்று. வீட்டின் ஓர் அறையிலே, டேப்லட் என்னும் தட்டைக் கணினியை மடிமீது வைத்துக்கொண்டு, அதன் கண்ணாடியின்மேல் விரலை ஓட்டிப் பாட்டமைக்கும் இளைஞர் இன்று உளர். அவரை நோக்கி, “இஃது விளையாட்டுப் பொருள், நீ செய்வது சங்கீதமன்று” என்று கூறும் பெரியோரும் உளர். இவ்விரு திறத்தாருள் நியாயம் யார் பக்கம் உள்ளது என்பதை நடுநிலையில் நின்று ஆராய்வோமாக.

முதலில் செய்தியை அறிந்துகொள்வோம். ஐபேட் என்னும் பலகை 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் விற்பனைக்கு வந்தது. கொரில்லாஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவினர் அவ்வாண்டிலேயே வட அமெரிக்காவிற் சுற்றுப்பயணம் செய்துகொண்டே, பெரும்பாலும் அப்பலகையைக் கொண்டு ‘தி ஃபால்’ என்னும் இசைத்தொகுப்பை அமைத்து, டிசம்பர் மாதத்தில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் காராஜ்பேண்ட் என்னும் செயலி அப்பலகைக்கு வந்தது. இன்று வீட்டிலே ஒலிப்பதிவு செய்வோர் பலகையை ஒரு கம்பியினாற் கணினியோடு இணைத்து, பலகையை வாத்தியமாகவும் கணினியை ஏடாகவும் பயன்படுத்துகின்றனர். 1983-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மிடி என்னும் பொது மொழியே இன்றும் இவற்றிற்கிடையே தூது செல்கின்றது.

இனி, மறுப்போர் கூற்றைக் கேட்போம். “மரபில் இல்லாத பொருள் வாத்தியமாகாது” என்பது அவர்தம் முதல் வாதம். அங்ஙனமாயின் வயலினை என் செய்வது? மேனாட்டுக் கருவியாகிய அதனைக் கர்நாடக இசைக்குக் கொணர்ந்தவர் பாலுசுவாமி தீட்சிதர் என்பர்; அவர் 1858-இல் மறைந்தவர். அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி, நம் முறைக்கேற்ப வாசிக்கக் கற்றுக்கொண்டோம். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பதே அரிது. நேற்றைய அந்நியப் பொருள் இன்றைய மரபாகின்றது. ஆதலால் பழமை ஒன்றே அளவுகோலாகாது.

ஆனால் மறுப்போரின் இரண்டாவது வாதம் அத்துணை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆர்மோனியத்தின் கதையை நினைவு கூர்க. 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்தது. 1971-க்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது. அதன் கட்டைகள் நிலையான சுரங்களையே ஒலிக்கும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவும், சுரத்தை அசைக்கவும் அவற்றால் இயலாது என்பது அன்று கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. கமகமே உயிராக உள்ள இசைக்கு அக்குறை சிறிதன்று. கருவியின் பிறப்பைக் கேளாமல் அதன் ஆற்றலைக் கேட்டமையால் இக்கேள்வி நேர்மையான கேள்வியே. தடை வேண்டுமா என்பது வேறு விஷயம்.

இதே கேள்வியைக் கண்ணாடிப் பலகையிடம் கேட்போம். ஜியோஷ்ரெட் என்னும் செயலியில் விரல் வழுக்கினால் சுரமும் வழுக்கும். விரல் நடுங்கினால் சுரமும் நடுங்கும். அதனைக் கொண்டு கர்நாடக இசையைக் கமகத்தோடு வாசித்துக் காட்டிவருபவர் மகேஷ் ராகவன் என்னும் கலைஞர். ஆர்மோனியத்தின்மேற் சாட்டிய குற்றம் இப்பலகையின்மேற் செல்லாது.

எனினும், எல்லாச் செயலிகளும் அத்தன்மையன அல்ல. காராஜ்பேண்டிலேயே தானே வாசிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு பட்டையைத் தொட்டால் போதும்; கித்தார் தானே தாளம் தவறாது ஒலித்துக்கொண்டிருக்கும். தொட்டவன் பிழை செய்யவே வழியில்லை. இங்கேதான் நாம் தேடிய அளவுகோல் அகப்படுகின்றது. எதனில் பிழை செய்ய இடமுண்டோ அதுவே வாத்தியம் என்பது நம் துணிபு. உறுமியின் தோலை வளைகோலால் தேய்ப்பவன் அழுத்தம் தவறினால் உறுமல் எழாது. நாகசுரத்தில் மூச்சுத் தவறினால் சுரம் பிசகும். பிழைக்கு இடமிருப்பதனாலேயே பயிற்சிக்குப் பொருள் உண்டு. பயிற்சிக்குப் பொருள் இருப்பதனாலேயே வாசிப்பவனுக்குப் பெருமை உண்டு. பிழையே நேரவொட்டாத பொருள் பயனுள்ளதாயிருக்கலாம், இனிமையாயுமிருக்கலாம். ஆனால் அங்கே வாசித்தவர் வேறொருவர். அவ்வோசையைத் தன் திறமென்று சொல்லிக்கொள்வது பிறர் எழுதிய கடிதத்தில் தன் கையொப்பத்தை இடுவதை ஒக்கும்.

கருவியிடத்தும் ஒரு நேர்மை வேண்டும். விரல் தொட்ட கணத்தில் ஓசை எழவேண்டும். விநாடிக்கு 44,100 கூறுகளாக ஒலியைக் கணிக்கும் இயந்திரம், 128 கூறுகளைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பினால் அதனால் நேரும் தாமதம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் 3 பங்கு. 1,024 கூறுகளாகச் சேர்த்தால் 23 பங்கு. அஃது ஏறத்தாழ 8 மீட்டர் தொலைவில் நிற்கும் தவில்காரரோடு சேர்ந்து பாடுவது போன்றது. கம்பியில்லாச் செவிக்கருவி பூட்டினால் தாமதம் இன்னும் மிகும். வாசிப்போர் இதனையறிந்து அமைக்கவேண்டும். சுருதி சேர்க்காத வீணையை வாசித்துவிட்டு வீணையைப் பழித்துப் பயனில்லை.

நிற்க. இன்னொரு கடமையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பலகையில் ஒலிக்கும் நாகசுரமும் உறுமியும் பல செயலிகளில் எங்கோ ஒரு கலைஞன் ஊதியதும் கொட்டியதுமான பதிவின் துண்டுகளே. அவன் பெயரை நாம் அறிவோமா? மிருதங்கத்திற்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் மூட்டிக் கொடுக்கும் தொழிலாளரின் பெயர் கச்சேரி மேடையில் ஒலிப்பதில்லை. அவருட் பலர் தலித் கிறிஸ்தவர் என்பதை டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டிய பின்னரே பலர் அறிந்தனர். உழைத்தவன் பெயரை மறைத்து, இசையை மாத்திரம் துய்க்கும் பழைய வழக்கம் புதிய கண்ணாடியிலும் தொடரவேண்டுமா? பதிவுத் துண்டுகளைப் பயன்படுத்துவோர் அவை எங்கிருந்து வந்தன என்பதைத் தம் வெளியீட்டிற் குறிப்பிடுவது குறைந்தபட்ச மரியாதை. கூடுமான இடத்தில் உயிருள்ள உறுமிக்காரரையே அழைத்து, கூலி கொடுத்துப் பதிவு செய்வது அதனினும் மேலானது.

இக்கருவியின் வாழ்நாளோ குறுகியது. பலா மரத்தில் கடைந்த வீணை பேரப்பிள்ளைக்கும் ஒலிக்கும். 2017-இல் ஐபேடின் இயக்க முறை 11-ஆம் பதிப்பிற்கு மாறியபொழுது, புதுப்பிக்கப்படாத பழைய 32-பிட் செயலிகள் அதனில் இயங்காது போயின. விலைகொடுத்து வாங்கியவனிடத்திலே பலகை இருந்தது, வாத்தியம் இல்லை! ஆதலால் பாட்டை அமைத்தவுடன் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி ஒலிக்கோப்பாக மாற்றி வேறிடத்திற் சேமித்து வைப்பீராக. செயலி மறைந்தாலும் பாட்டு மிஞ்சும்.

இவையெல்லாம் குறைகளே. ஆயினும் இப்பலகைக்கு ஒரு பெருங்குணம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. நம் சமூகம் வாத்தியங்களுக்கும் சாதி வகுத்தது. வீணை உயர்ந்தது, பறை தாழ்ந்தது என்றது. இன்னார் மகன் ஊதவேண்டும், இன்னார் மகள் தொடலாகாது என்றது. கண்ணாடிப் பலகை தொடும் விரலின் குலத்தைக் கேட்பதில்லை. அடுக்குமாடி வீட்டில் நள்ளிரவிற் பறை கொட்ட இயலாத பெண்ணும் செவியிற் கருவி பூட்டி, அண்டை வீட்டார் துயில் கெடாமற் பயிலலாம்.

ஆனால் குலம் கேளாத பலகை பணம் கேட்கின்றது. தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்விலை பெரிது. பிறப்பென்னும் பூட்டை உடைத்துவிட்டு அவ்விடத்திற் பொருளென்னும் பூட்டை மாட்டினால் நாம் அடைந்த முன்னேற்றம் யாது? ஒவ்வொரு வாசகசாலையும் இளைஞர் மன்றமும் ஒரு பலகையையும் ஓர் ஒலிவாங்கியையும் வாங்கிவைத்து, முறைபோட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன? ஒரு திருவிழாவில் ஒரே இரவிற் கரியாகும் வாணவேடிக்கைச் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

எனவே அன்பர்களே, கண்ணாடிப் பலகை வாத்தியமாகுமா என்ற வினாவிற்கு விடை கண்ணாடியில் இல்லை. தானே வாசிக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, நாள்தோறும் ஒரு நாழிகை பிழைசெய்து, பிழைதிருத்திப் பயில்வோர் கையில் அது வாத்தியமாகும்; அப்பயிற்சி இல்லாதார் கையில், விலையுயர்ந்த வீணையும் வெறும் மரமேயாகும். பெரியோர்கள் இளைஞரைப் பழிக்குமுன் ஒருமுறை அருகமர்ந்து கேட்கட்டும். இளைஞர்களும் தம்மைப் புகழுமுன், அவ்வோசையில் தம் விரல் செய்த பங்கு எவ்வளவு என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.