கை மாறிய வாள்

1600-ஆம் ஆண்டு மார்ச் மாதம். மலபார்க் கரையில், வடகரைக்குப் பக்கத்தில் இரிங்ஙல் என்று இன்று அழைக்கப்படும் ஊரில், ஆறு கடலில் சேரும் இடத்தில் நின்ற கோட்டையின் கதவு திறந்தது. முற்றுகையில் நைந்துபோன வீரர்கள் முதலில் வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் ஒருவர் வந்தார். தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார். கையிலிருந்த வாளின் முனை தரையைப் பார்த்துத் தாழ்ந்திருந்தது. நேரே கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரிடம் நடந்து போனார். வாளைக் கொடுத்துவிட்டுக் காலில் விழுந்தார். மன்னர் வாளை வாங்கினார். வாங்கிய கையோடு, அருகில் நின்ற போர்த்துக்கீசியத் தளபதி அந்த்ரே ஃபுர்தாடோவிடம் அதைக் கொடுத்துவிட்டார்.

விழுந்தவர் நான்காம் குஞ்ஞாலி மரைக்காயர். காட்சியை எழுதி வைத்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். வென்றவர்கள் எழுதியதுதான், ஆனாலும் படிக்கும்போது மனம் பதைக்கிறது. ஒரு வாள் இத்தனை சுலபமாகக் கை மாறுமா என்ற கேள்வி எனக்குள் வெகு காலமாக இருக்கிறது. கடலோடிக் குலமொன்று தன் அரசனோடு பகை கொள்ளும் கதைகளைக் கற்பனையில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவு இந்தக் கோட்டை வாசலுக்கே திரும்பிவிடும்.

மரைக்காயர்கள் முதலில் வணிகர்கள். அரிசி ஏற்றி இறக்கியவர்கள். கொச்சியிலும் அவர்களுக்கு வியாபாரம் இருந்தது, சோழமண்டலக் கரையிலும் உறவு இருந்தது. 1498-இல் வாஸ்கோ ட காமா வந்தார். அவருக்குப் பின்னால் வந்த போர்த்துக்கீசியர்கள், தங்களிடம் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்காத கப்பல் கடலில் போகக் கூடாது என்றார்கள். தலைமுறை தலைமுறையாக யாரையும் கேட்காமல் பாய் விரித்தவர்களுக்கு அந்தக் காகிதம் எப்படி உறுத்தியிருக்கும்! பொன்னானிக்குப் பெயர்ந்து சாமூதிரியின் பக்கம் சேர்ந்தார்கள். வணிகக் குடும்பம் கடற்படையானது. குஞ்ஞாலி என்பது மன்னர் தந்த பட்டம்.

அவர்களுடைய போர்முறை எளிமையானது. துடுப்பும் பாயும் கொண்ட சிறு படகுகள் கழிமுகங்களில் பதுங்கியிருக்கும். பெரிய கப்பல் காற்றில்லாமல் திணறும் வேளை பார்த்துப் பல படகுகள் ஒன்றாகப் பாயும். அடித்துவிட்டு, கனத்த கப்பல் நுழைய முடியாத ஆழமில்லாத நீருக்குள் ஓடி மறையும். எப்போதும் வென்றார்கள் என்று சொல்ல மாட்டேன். 1538-இல் நம் இராமநாதபுரக் கரையில், மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில், மரைக்காயர் படை பெருந்தோல்வி கண்டது. ஆனாலும் மறுபடி படகு கட்டினார்கள். 1571-இல் சாலியத்துக் கோட்டையைச் சாமூதிரி பரங்கியரிடமிருந்து, அதாவது போர்த்துக்கீசியர்களிடமிருந்து, பறித்தபோது மூன்றாம் குஞ்ஞாலி அவர் பக்கம் நின்றார்.

சாமூதிரியின் பட்டத்திலேயே சமுத்திரம் இருக்கிறது என்பார்கள். ஆனால் அவர் கடலேற முடியாது. உயர்குலத்தாருக்கு அன்று கடற்பயணம் விலக்கு. அவருடைய நாயர் படையும் நிலத்தில் நிற்கும் படைதான். பெயரில் இருந்த கடலை அவருக்காக ஆண்டவர்கள் மரைக்காயர்கள். பகையின் வித்து இங்கேதான் கிடந்தது என்று நினைக்கிறேன். நிலத்தை ஆள்பவன் எல்லைக்கல் நட்டு, வரி வாங்கி, வந்து வணங்குகிறவர்களைப் பார்த்துத் தன் அதிகாரத்தை உறுதி செய்துகொள்வான். கடலில் நடுவதற்குக் கல் ஏது? காலையில் போன படகு மாலையில் திரும்பி வந்து சொன்னால்தான் மன்னருக்குச் சேதி. தம் பெயரால் நடக்கும் ஆட்சியைத் தாமே கண்ணால் பார்க்க முடியாத நிலை அவருடையது. அலையில் நின்று செத்தவர்களுக்கோ, அது நாள்தோறும் தங்கள் கையால் செய்த வேலை. இடம் கொடுத்தேன், பட்டம் கொடுத்தேன் என்பது அரண்மனைக் கணக்கு. பிள்ளைகளைக் கொடுத்தோம் என்பது படகுக்காரர் கணக்கு. இரண்டும் மெய்தான். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிச் சரிபார்க்கத்தான் ஆளில்லை.

1584 வாக்கில் சாமூதிரி போர்த்துக்கீசியர்களோடு சமாதானமாகி, பொன்னானியில் இடம் கொடுத்தார். போரில் களைத்த நாட்டுக்கு வணிகம் வேண்டியிருந்தது. மன்னரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் குஞ்ஞாலிக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? புதுப்பட்டணத்தில் தனக்கொரு கோட்டை, பின்னாளில் கதவு திறந்த அதே கோட்டை, கட்டிக்கொள்ள அவர் கேட்டார். மன்னர் அதற்கும் சம்மதித்தார். இருவருமே அன்று ஒரு மனத்தாங்கலைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் மூடினார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

1595-இல் நான்காம் குஞ்ஞாலி வந்தார். மதிலை வலுப்படுத்தினார். தன்னை முஸ்லிம்களின் அரசன், கடலின் தலைவன் என்று அழைத்துக்கொண்டார் என்றும், சாமூதிரியின் யானை வாலை வெட்டினார் என்றும் போர்த்துக்கீசியக் குறிப்புகள் சொல்கின்றன. யானை வால் கதையை நான் முழுதாக நம்பவில்லை. பிளவால் லாபம் அடைந்தவர்களின் வாயிலிருந்து வந்த கதை அது. ஆனால் பட்டங்களை நம்புகிறேன். வாங்கிக்கொண்ட பெயர் போதாமல், தானே ஒன்று சூட்டிக்கொள்ளும் நாள் உழைத்தவனுக்கு வந்துவிடுகிறது. மன்னரின் காதுக்கு அது போய்ச் சேராமல் இருக்குமா?

எழுபது ஆண்டுகளுக்கு மேல் எந்தப் பரங்கியரை எதிர்த்துச் சேர்ந்து போரிட்டார்களோ, அதே பரங்கியரோடு மன்னர் கைகோத்தார். 1599-இல் நடந்த முதல் தாக்குதல் கோட்டைக்கு முன்னால் சிதறிப்போனது. அடுத்த ஆண்டு நிலத்தில் சாமூதிரியும் கடலில் ஃபுர்தாடோவும் வளைத்துக்கொண்டார்கள். உயிருக்கு உறுதி என்று மன்னர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பித்தான் அந்தக் கதவு திறந்தது.

ஃபுர்தாடோ குஞ்ஞாலியைப் பற்றி இழுத்தபோது ஒரு கலகம் மூண்டது. மூட்டியவர்கள் சாமூதிரியின் நாயர் வீரர்கள். அதே குஞ்ஞாலியை வீழ்த்தத்தான் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தார்கள். அவருடைய ஆட்களால் தோழர்களை இழந்தவர்கள். அவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். மன்னருக்கும் குலத்துக்கும் நடுவே யார் செய்தது பெரிது என்று முக்கால் நூற்றாண்டாகத் தீராத வழக்கு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மன்னர் வாயிலிருந்து வந்த சொல் மன்னருடையது மட்டுமல்ல, அதை நம்பி வாளெடுத்த தங்களுடையதும்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது உடைந்தால் நாளைக்குத் தங்களுக்கும் அதே வாசல்தான். விசுவாசம் காலில் விழுகிறவன் செலுத்தும் கப்பம் என்று அரண்மனைகள் எண்ணிக்கொள்கின்றன. சுற்றி நின்று பார்க்கிறவர்கள் அதைத் தங்கள் பொதுச் சொத்தாகக் காத்து நிற்பதை, மன்னர் அன்று கண்ணெதிரே பார்த்தார்.

கலகம் அடக்கப்பட்டது. குஞ்ஞாலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். உடலைக் கூறுபோட்டுக் கடற்கரைகளில் காட்சிக்கு வைத்தார்கள். தலைக்கு உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பி, கம்பத்தில் ஏற்றினார்கள். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

பரங்கியர் தொல்லை மட்டும் சாமூதிரியை விடவில்லை. 1604 நவம்பரில் டச்சுக் கடற்படைத் தலைவர் ஸ்டீவன் வான் டெர் ஹாகன் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். போர்த்துக்கீசியர்களைக் கடலிலிருந்து விரட்டித் தரும்படி அவரோடு சாமூதிரி உடன்படிக்கை செய்துகொண்டார்.