கார்த்திகைப் பெண்கள் செய்த அன்னதானம்

ஓம் சரவண பவ! முருகனருள் முன்னிற்க!



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நம்ம அப்பனுக்கு எத்தனையோ திருநாமங்கள். கந்தன், கடம்பன், குகன், சண்முகன்... இதுல கார்த்திகேயன்ங்கிற பேரு எப்படி வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா?

கதை நமக்குத் தெரிஞ்சதுதான். சிவபெருமானின் நெற்றிக்கண்களிலிருந்து ஆறு தீப்பொறிகள் புறப்பட்டன. வாயுவும் அக்னியும் அவற்றைத் தாங்கிப்போய்க் கங்கையில் விட, கங்கை சரவணப் பொய்கையில் சேர்த்தாள். ஆறு தாமரைகளில் ஆறு குழந்தைகள். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு பிள்ளையை எடுத்துப் பாலூட்டினார்கள். பிறகு உமையம்மை வந்து ஆறு பிள்ளைகளையும் சேர்த்து அணைக்க, ஆறுமுகன் ஆனான்.

அந்த ஆறு பேரும் பெற்றவர்கள் இல்லை. பாலூட்டியவர்கள். அதுக்காகவே அந்தப் பிள்ளை உங்கள் பெயரால் விளங்குவான்னு சிவபெருமான் வரம் கொடுத்தார். நாம கிருத்திகை விரதம் இருக்கிறோமே, அடுத்தவங்க பிள்ளைக்குப் பசியாற்றின அந்தப் பெண்களோட பெருமையும் அதுல இருக்கு.

இதைப் பல வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா உறைச்சது ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்து வாசல்லதான்.

திண்டுக்கல் பக்கம் மல்லிகை விளையுற ஊர்கள் நிறைய. பூவை மொட்டா இருக்கும்போதே பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்பணும். அதனால கூலிக்குப் பூப்பறிக்கிற அம்மாமார் விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே, நெத்தியில டார்ச் லைட்டைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. பிள்ளைங்க எழுந்திரிக்கும்போது வீட்டுல அடுப்பு எரியாது.

நாங்க பதினோரு பேர் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவங்க. அந்த ரோட்டுல நடந்தவங்களுக்குத் தெரியும், வழியெல்லாம் அன்னதானப் பந்தல்தான். ஒரே நாள்ல மூணு இடத்துல வயிறு முட்டச் சாப்பிட்டு, நாலாவது இடத்துல பாதி இலையை அப்படியே மூடிட்டு எழுந்தவன் நான். மனசு குத்துச்சு. இந்த வருஷம் நாமளும் அன்னதானம் பண்ணுவோம், அதுவும் பூப்பறிக்கிறவங்க பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல பண்ணுவோம்னு முடிவெடுத்தோம்.

ஒரு கிருத்திகை அன்னைக்குச் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடையோட போய் இறங்கினோம். தலைமையாசிரியர்கிட்ட விஷயத்தைச் சொன்னதே அன்னைக்குக் காலையில பதினோரு மணிக்குத்தான். அதுக்குள்ள சத்துணவு வெந்தாச்சு. பேனர் கட்டி, வேல் படம் வெச்சு, போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள மணி ஒன்றரை. பிள்ளைங்க தட்டோட வரிசையில உட்கார்ந்தே இருந்தாங்க.

நான் செல்போனைத் தூக்கினப்போ, ஒரு பொண்ணு தட்டால முகத்தை மறைச்சுக்கிட்டா. "தட்டைக் கீழ வைம்மா, முகம் தெரியல"ன்னு சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். அவ கீழ வைக்கவே இல்லை.

எல்லாம் முடிஞ்சு பாத்திரம் ஏத்தும்போது சமையல்காரக்கா ஒரு அண்டாவைக் காட்டுனாங்க. ஆக்கின சோறு அப்படியே இருந்துச்சு.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. முந்தின நாளே சொல்லியிருந்தா அரிசி போட்டிருக்க மாட்டேன். பள்ளிக்கூடம் இருக்கிற நாள்ல இதுங்களுக்குக் காலையிலயும் சோறு இருக்கு, மத்தியானமும் இருக்கு. திங்கக்கிழமை வந்து பாருங்க, ரெண்டாவது தடவை கேட்டு வாங்குங்க. ஞாயித்துக்கிழமை காலையில இதுங்க என்ன திங்குதுன்னு யாரும் கேக்கிறதில்ல."

எனக்குப் பதில் வரலை.

அக்கா சொன்னது எவ்வளவு பெரிய உண்மைன்னு பாருங்க. 1920-லயே சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் காலத்துல, ஆயிரம் விளக்குப் பள்ளியில மதிய உணவு ஆரம்பிச்சது. 1956-ல காமராஜர் ஊர் மக்களையும் சேர்த்துக்கிட்டு அதை மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ல மதுரையில காலை உணவுத் திட்டமும் தொடங்கியாச்சு. நம்ம பழனியாண்டவர் கோயிலே தன்னோட கல்வி நிலையங்கள்ல படிக்கிற பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி கொடுக்குது. நூறு வருஷமா எத்தனையோ பேர் சேர்ந்து அடுப்பு மூட்டி வெச்சிருக்காங்க. எரியிற அடுப்புக்குப் பக்கத்துல போய் நாம இன்னொரு அடுப்பை மூட்டிட்டு, புண்ணியம் பண்ணிட்டோம்னு ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டோம்.

கார்த்திகைப் பெண்கள் நாள் பார்த்தா போனாங்க? பிள்ளைக்குப் பசிக்கிற நேரம்தான் அவங்களுக்கு முகூர்த்தம். பிள்ளை இருக்கிற இடத்துக்கு அவங்களே போனாங்க. மடியில தூக்கி வெச்சுக்கிட்டாங்க. மடியில இருக்கிற பிள்ளைக்குத் தான் தானம் வாங்குறோம்ங்கிற கூச்சம் வருமா? வராது. அந்தக் கூச்சம் அந்தப் பொண்ணுக்கு வந்துச்சே, அப்போ நாங்க பண்ணினது என்ன?

அதுக்கப்புறம் அந்தக் காலனியில இருக்கிற அம்மாமார்கிட்ட போய்ப் பேசினோம். "ஞாயித்துக்கிழமை காலையில வரலாமா?"ன்னு முதல்ல கேட்டோம். உடனே சரின்னு சொல்லலை. ஒரு அம்மா, "போட்டோ எடுப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. எடுக்க மாட்டோம்னு அங்கேயே கோயில் வாசல்ல நின்னு முருகன் மேல சத்தியம் பண்ணினோம்.

இப்போ ஞாயிறுதோறும் காலையில எட்டு மணிக்கு 38 பிள்ளைங்க. மூணு கிலோ அரிசி, ஒரு கிலோ பாசிப்பருப்பு, வெண்பொங்கல், சாம்பார். காலனியிலேயே இருக்கிற ஒரு பாட்டி பக்குவம் சொல்ல, நாங்க காய் நறுக்குவோம், பரிமாறுவோம், பாத்திரம் தேய்ப்போம். செலவு ஆளுக்கு மாசம் 300 ரூபாய். பரிமாறி முடிச்சதும் அவங்களோடவே தரையில உட்கார்ந்து அதே பொங்கலைச் சாப்பிடுறோம்.

கஷ்டம் இல்லாம இல்லை. மூணாவது மாசத்துல ஒரு நாள் நல்ல மழை. பதினோரு பேர்ல ரெண்டே பேர்தான் வந்தோம். பொங்கல் அடிப்பிடிச்சு, ஒன்பதரை ஆயிடுச்சு. பிள்ளைங்க நனைஞ்சுக்கிட்டே திண்ணையில காத்துக்கிட்டு இருந்தாங்க. பெரிய விரதம் எதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. ஆறு நாள் சஷ்டிக்குப் பட்டினி கிடக்கிறதை விட, ஞாயித்துக்கிழமை அஞ்சரை மணிக்குப் போர்வையை விலக்குறது எனக்குக் கஷ்டமா இருக்கு.

தட்டால முகத்தை மறைச்ச அந்தப் பொண்ணும் வர்றா. ஒரு நாள் கரண்டியை என் கையில இருந்து வாங்கி, "நீங்க உட்காருங்கண்ணா, நான் போடுறேன்"ன்னா. எனக்குப் பொங்கல் போட்டா. தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சாப்பிட்டேன்.

தம்பி தங்கைகளே, உங்க ஊர்லயும் இப்படி ஒரு தெரு இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி மூணு காரியம் பண்ணுங்க. பள்ளிக்கூடமா இருந்தா தலைமையாசிரியர்கிட்டயும் சமையல்காரக்காகிட்டயும், தெருவா இருந்தா பெத்தவங்ககிட்டயும், என்னைக்குச் சாப்பாடு இல்லைன்னு கேளுங்க. செல்போனைப் பையில வையுங்க. ஒரு நாள் பெருசா பண்றதை விட, சின்னதா பண்ணினாலும் விடாம பண்ண முடியுமான்னு உங்களையே கேட்டுக்கோங்க.

கந்தா, கடம்பா, கார்த்திகைப் பெண்கள் மடியில் வளர்ந்த செல்வமே! உனக்குப் பாலூட்டிய அந்தக் கைகளின் குணத்தில் கொஞ்சம் எங்கள் கைகளுக்கும் கொடு. பசித்த பிள்ளை முகத்தில் உன் முகம் பார்க்கும் கண்ணையும் கொடு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வீரவேல் முருகனுக்கு அரோகரா!