தொழும் துணியும் பெருநாள் துணியும்

 

ரமலானின் பிற்பாதி வந்துவிட்டால், தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் படியில் நின்று நாம் பேசும் பேச்சு மாறிவிடுகிறது. தேங்காய் விலையும் மீன்பாடும் பின்னுக்குப் போகின்றன. துணி எடுக்கத் தெலுக் இந்தானுக்கு எப்பொழுது போகிறீர்கள், ஈப்போவுக்கே போய்விடலாமா, இந்த ஆண்டு வீட்டார் அனைவருக்கும் என்ன நிறம் என்பவை முன்னுக்கு வருகின்றன. பெருநாள் மகிழ்ச்சி மார்க்கம் அனுமதித்த மகிழ்ச்சிதான். அதைக் குறைத்துப் பேச வரவில்லை. கையில் இருக்கும் பணம் அளவுபட்டது, துணியோ பலவகை. அவற்றுள் எந்த உடுப்புக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம், எதில் குறைத்துக்கொள்வது நியாயம் என்பதை யோசிக்க வேண்டாமா?

இஃது உலகக் காரியம், இதில் ஆலிம்களுக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். பொருளை எவ்வாறு சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்று மறுமையில் இரு கேள்விகள் உண்டென்பது நாம் எல்லோரும் கேட்டறிந்த ஹதீது. முதற் கேள்விக்கு அஞ்சி ஹலாலான தொழில் தேடுகிற நாம், இரண்டாவதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. துணிக்கடைப் பற்றுச்சீட்டும் அந்த இரண்டாவது கேள்வியில் அடங்கியதே.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிட வேண்டும். கந்தல் உடுத்துவதே பக்தி என்று இஸ்லாம் சொல்லவில்லை. மாலிக் இப்னு நள்லா (ரலி) என்னும் தோழர் ஒருமுறை மட்டமான உடுப்போடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். உமக்குச் செல்வம் உண்டா என்று நாயகம் அவர்கள் வினவினார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை எல்லாம் இருப்பதாக அவர் சொன்னார். அப்படியானால் அல்லாஹ் உமக்குச் செய்த அருளின் அடையாளம் உம்மீது தெரியட்டும் என்ற கருத்தில் நாயகம் அவர்கள் அறிவுறுத்தினார்கள். வேலை செய்யும் உடுப்பு நீங்கலாக ஜும்ஆவுக்கென்று தனியாக ஒரு ஜோடி, வசதி இருந்தால், வைத்துக்கொள்ளலாமே என்றும் அவர்கள் சொன்னதாக அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். ‘வசதி இருந்தால்’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். கடன் வாங்கி என்று அங்கே இல்லை.

ஆகவே செலவழிப்பதில் குற்றமில்லை. எதற்கு முதலிடம் என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். அஃராப் அத்தியாயத்தின் 26ஆம் வசனத்தில் ஆதமின் மக்களை விளித்து அல்லாஹுத்தஆலா உடையைப் பற்றிச் சொல்லும்பொழுது, மானத்தை மறைப்பது முதலில் வருகிறது. அலங்காரம் அதன்பின் வருகிறது. தக்வா என்னும் உடையே மேலானதென்ற சொல் அதற்கும் பின் வருகிறது. நம்முடைய கணக்கிலும் இந்த வரிசை இருக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். நடைமுறையில் அலங்காரத்துக்கு எடுத்ததுபோக மிஞ்சியதைத்தான் மறைப்புக்கு ஒதுக்குகிறோம்.

கைலியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி அவ்ரத்து. தோலின் நிறம் வெளியே தெரியும்படியான துணி அதை மறைத்ததாகாது என்பதில் ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளிலும் பேதமில்லை. கைலி உடுத்தும்பொழுது முன்புறம் மடிப்பின்மேல் மடிப்பு விழுகிறது. பின்புறமோ ஒற்றைத் துணிதான். ருகூவிலும் சுஜூதிலும் அந்த ஒற்றைத் துணிதான் இழுபட்டு விரிகிறது. உட்கார்ந்து எழுந்து முதலில் தேய்வதும் அவ்விடமே. மேலே விலையுயர்ந்த ஜிப்பா, இடுப்பில் வெளிச்சம் ஊடுருவும் கைலி என்று முன் வரிசையில் நிற்கும் சகோதரர், தலைகீழாகச் செலவழித்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். ஜிப்பா இல்லாமற் போனாலும் தொழுகை கூடும். அவ்ரத்து மறையாவிட்டால் கூடாது.

பெண்களின் தெலுக்கோங்கும் இவ்வாறே. மடித்தால் கைக்குள் அடங்கும் பயணத் தெலுக்கோங்குகள் இப்பொழுது மலிந்துவிட்டன. சுமப்பதற்கு இலேசு என்பது உண்மை. ஆனால் அவற்றுள் சிலவற்றின் வழியே கூந்தலின் கருமையும் கையின் நிறமும் தெரிகின்றன. வாங்குமுன் துணியைக் கையின்மேல் விரித்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை. ஓரத்துப் பூவேலைக்கும் வெள்ளிக்கல்லுக்கும் கொடுக்கும் பணத்தை நெருக்கமான நெசவுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

கைலியைப் பற்றி நம்மவர்க்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. மலாய்க்காரர்கள் இதைக் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டுத் துறையின் பெயரே அப்படித் திரிந்து இங்கே நிலைத்துவிட்டது. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரைத் துணியை இத்தீவுகளுக்குக் கொண்டுவந்து கொடுத்து, மிளகும் கிராம்பும் வாங்குவதே அவர்களுடைய வியாபாரம். அவர்களுக்கு முன்னும் பின்னும் நம்முடைய மரைக்காயர்களும் அதே துணியைக் கப்பலேற்றியவர்கள்தாம். அந்த மக்களின் வழிவந்தோர் கைலியின் தரம் தெரியாமல் விலைச்சீட்டை மட்டும் பார்த்து வாங்குவது வருத்தத்துக்குரியது.

தரம் அறிவது பெரிய வித்தையன்று. கட்டத்தைத் துணியின் இரு புறமும் பாருங்கள். சாயம் தோய்த்த நூலால் நெய்ததென்றால் உள்ளும் புறமும் ஒன்றுபோல் இருக்கும். மேலே அச்சடித்ததென்றால் உட்புறம் மங்கியிருக்கும். துணியை இரு விரலுக்கிடையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால், கையில் கனத்தது நூலன்று, கஞ்சி. இரண்டு சலவையில் அது போய்விடும். மற்றொன்று, நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும், விலையும் ஏறும். ஆதலால் 100ஆம் நம்பர்க் கைலி 60ஆம் நம்பரைவிட வழவழப்பாயிருக்கும். ஆனால் நெசவு நெருக்கமில்லாவிட்டால் மறைப்பு குறையும். விலை உயர்ந்ததெல்லாம் தொழுகைக்கு உயர்ந்ததாகிவிடாது.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, பெருநாள் உடுப்பு ஒன்று 240 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெருநாள், இரண்டு கலியாணம் என ஆண்டுக்கு நான்கு முறை அதை உடுத்துகிறோம். உடுத்தும் முறைக்கு 60 ரிங்கிட் ஆகிறது. நல்ல கைலி ஒன்று 60 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுவிட்டொரு நாள் உடுத்தி ஓராண்டுக்குச் சுமார் 180 நாள். நாளுக்கு 33 சென்தான். ஒவ்வொரு நாளும் ஐந்து வக்து அதை உடுத்தி அல்லாஹ்வின் முன்னிலையில் நிற்கிறோம் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? பெருநாள் உடுப்பில் கால் பங்கைக் குறைத்துக்கொண்டாலே அந்தக் கைலியின் விலை கையில் நிற்கிறது.

அடுத்து, உழைக்கும் உடுப்பு. நம்மூரில் தென்னந்தோப்பிலும் செம்பனைத் தோட்டத்திலும் படகிலும் பாடுபடுகிறவர்கள் பலர். தேங்காய் மட்டையின் கறை ஏறிய துணி எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் வெளுக்காது. உப்புக்காற்றும் சேறும் செருப்பைச் சீக்கிரம் தின்றுவிடும். ஒரு விசித்திரத்தைக் காண்கிறேன்: குடும்பத்துக்கெல்லாம் புதுத்துணி எடுத்துக் கொடுக்கும் தகப்பனார், தாம் வேலைக்குப் போட்டுப்போகும் சப்பாத்தின் அடி கிழிந்திருப்பதைப் பொருட்படுத்துவதில்லை. அது தியாகம்போல் தோன்றும். தோட்டத்தில் முள்ளோ ஆணியோ காலில் ஏறி, பத்து நாள் வேலைக்குப் போகாமல் படுத்தால் அந்தப் பத்து நாள் கூலியும் குடும்பத்தின் பணம்தானே? மனைவி மக்களுக்குச் செலவழிப்பதும் தர்மம் என்கிறது மார்க்கம். அந்தச் செலவுக்கு ஊற்றாயிருக்கும் உடம்பைக் காப்பதும் அதில் சேர்ந்ததே. ஆகவே காலணிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

பிள்ளைகளின் உடுப்பு வேறு. அவர்கள் வளருகிறவர்கள். எத்தனை விலையுள்ள துணியும் அடுத்த பெருநாளுக்குக் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். இரண்டு அங்குலம் உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னால் இன்னும் ஓராண்டு உழைக்கும். அண்ணனுடையது தம்பிக்கு ஆவதில் வெட்கம் எதுவுமில்லை.

இனி, எதில் குறைக்கலாம்? ஒரே நாளைக்கென்று எடுக்கும் துணியில் குறைக்கலாம். தகப்பன், தாய், பிள்ளை, மாமன், மச்சான் எல்லோரும் ஒரே நிறத்தில் நிற்க வேண்டுமென்ற புதுவழக்கம் பார்வைக்கு அழகுதான்; மறுக்கவில்லை. ஆனால் அந்த நிறத்தில் சேர முடியாத ஏழை உறவினர் அன்று விருந்துக்கே வராமல் ஒதுங்கிவிடுவதுண்டு. பெயரெடுப்பதற்காக உடுத்தும் உடுப்பை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். ஒருமுறை பூவேலை செய்த போர்வையொன்றை அணிந்து தொழுதபொழுது கவனம் அதன் வேலைப்பாட்டின்மேல் சென்றுவிட்டதாக உணர்ந்து, அதைக் கொடுத்த அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பியனுப்பிவிட்டு, வேலைப்பாடற்ற ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். புகாரி ஷரீபில் உள்ள செய்தி இது. கொடுத்தவர் மனம் நோகாதிருக்க வேறொன்றைக் கேட்டு வாங்கிய நயத்தையும் பாருங்கள். ஆண்கள் பாஜு மெலாயுவின்மேல் சுற்றும் சொங்கெட் அசல் பட்டானால் ஆகாது; செயற்கை இழையானால் தடையில்லை. விலை மிகுந்ததை எடுக்குமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

குறைக்க மனமில்லாதவர்கள் கடனுக்குப் போகிறார்கள். கடன் அட்டைக்கு வட்டி உண்டென்பது யாவரும் அறிந்ததே. இப்பொழுது கைத்தொலைபேசியிலேயே துணியை எடுத்துக்கொண்டு மூன்று நான்கு தவணையில் கட்டும் திட்டங்கள் வந்துவிட்டன. வட்டி என்ற பெயர் அவற்றில் இராது. தவணை தவறினால் வரும் அபராதத்தின் நிலை என்னவென்று ஆலிம்களிடம் கேட்டறியாமல் கைவைக்க வேண்டாம். தொழுகையிலேயே கடனைவிட்டுப் பாதுகாப்புத் தேடியவர்கள் நம் நாயகம் அவர்கள். ஷவ்வால் பிறையைக் கண்டு உடுத்திய துணிக்கு முஹர்ரம் பிறையிலும் பணம் கட்டிக்கொண்டிருப்பது, அவர்கள் உம்மத்துக்கு அழகா?

நம்மில் துணி விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள துணியொன்றை, அந்தக் குறையைச் சொல்லியே விற்க வேண்டுமென்று கூட்டாளியிடம் கொடுத்திருந்தார்கள். அவர் மறந்து, சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவரும் இன்னாரென்று தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். கஞ்சி போட்ட கைலியைக் கனமான கைலி என்று எடுத்து வைக்கும்பொழுது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது ஒருபுறமிருக்க, வைத்திருப்பதைக் காப்பதும் செலவைக் குறைக்கும். நாயகம் அவர்கள் தம் துணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள், செருப்பையும் தாமே செப்பனிட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கலீபாவாக இருந்த காலத்தில் உமர் (ரலி) அவர்களுடைய தோளில் ஒட்டுத் துணியைக் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முஸ்லிம்களின் தலைவர் ஒட்டுப்போட்டு உடுத்தினார். நாமோ ஒரு பொத்தான் விழுந்தால் சட்டையை ஒதுக்கிவிடுகிறோம்.

அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 13இல் மரணப் படுக்கையில் இருந்தபொழுது, தாம் உடுத்தியிருந்த துணியைப் பார்த்தார்கள். அதில் குங்குமப்பூக் கறை இருந்தது. இதைத் துவைத்து, இன்னும் இரண்டு துணி சேர்த்து எனக்குக் கபனிடுங்கள் என்று மகளார் ஆயிஷா அவர்களிடம் கூறினார்கள். இது பழையதாயிற்றே என்று அன்னையவர்கள் சொல்ல, புதுத்துணிக்கு மௌத்தானவரைவிட உயிரோடிருப்பவரே அதிக உரிமையுடையவர் என்ற கருத்தில் பதில் வந்தது.

பெருநாளுக்கு முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். உடுத்தாமல் கிடக்கும் நல்ல கைலியும் தெலுக்கோங்கும் எல்லோர் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். துவைத்து, பிரிந்த தையலைப் போட்டு, பித்ரா கொடுக்கும்பொழுதே உரியவர்களின் வீட்டில் சேர்த்துவிடுங்கள். பெருநாள் தொழுகைக்கு முன் சேர்ந்தால்தான் அவர்கள் அதை உடுத்தி வர முடியும்.