எல்லைக்கல்லும் மறைத்துவைத்த பெட்டியும்

ஜியோகேச்சிங் எனப்படும் விளையாட்டில் ஒருவர் சிறு பெட்டியொன்றை ஓரிடத்தில் மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைப் பிறருக்கு அறிவிக்கிறார், மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியின் துணையோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்புகின்றனர். செயற்கைக்கோள் சைகைகளின் துல்லியத்தைப் பொதுமக்களுக்குக் குறைத்துத் தந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் கைவிட்டதும், ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் வைத்த வாளியே இதன் முதற்பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுப்பவர் அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். உள்ளே இருப்பவையும் பெரும்பாலும் கோலிக்குண்டு, பொத்தான், பொம்மை போன்றவையே. ஆகவே இத்தேடலின் பயன் பெட்டிக்குள் இல்லை, அதை நோக்கிச் செல்லும் வழியில்தான் இருக்க முடியும். அந்த வழி மக்கள் கொத்துக்கொத்தாக மாண்ட ஓர் ஊரின் ஊடே செல்லும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே விளையாடப் போவது தகுமா என்ற கேள்வி எழுகிறது. துன்பம் நிகழ்ந்த இடத்தை எந்த மனநிலையோடு அணுகவேண்டும் என்று சமயச் சிந்தனையாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வியின் புதிய வடிவமே இது.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில், மலைச்சரிவில் அமைந்த ஈம் என்ற சிற்றூர் இக்கேள்வியைத் தவிர்க்கவியலாதபடி முன்வைக்கிறது. ஈயச் சுரங்கத் தொழிலாளரும் உழவரும் வாழ்ந்த அவ்வூரிலிருந்த தையற்காரர் ஒருவரின் வீட்டுக்கு லண்டனிலிருந்து வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோய் புகுந்தது என்பது மரபுவழிச் செய்தி. 1665 செப்டம்பரில் தொடங்கிய சாவு 1666 நவம்பர்வரை ஓயவில்லை, மாண்டோர் தொகை 260 என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1666 கோடையில் திருச்சபைக் குரு வில்லியம் மாம்பெசன், நோய் அண்டை ஊர்களுக்குப் பரவாதிருக்க ஊர்மக்கள் எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே தங்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொல்லுக்கு மட்டும் மக்கள் கட்டுப்பட்டிருப்பார்களா என்பது ஐயத்துக்குரியது. ஏனெனில் 1662-ஆம் ஆண்டின் வழிபாட்டு ஒருமைச் சட்டத்தை ஏற்க மறுத்துப் பதவியிழந்த முன்னைய குரு தாமஸ் ஸ்டான்லி, மக்கள் நெஞ்சில் இன்னும் இடம்பெற்றிருந்தார். கொள்கையால் எதிரெதிரே நின்ற அவ்விருவரும் இந்த ஒன்றில் கைகோத்தனர். கோயில் கதவு மூடப்பட்டு வழிபாடு கக்லெட் டெல்ஃப் என்ற திறந்தவெளிப் பள்ளத்துக்கு மாறியது. ஒவ்வொரு குடும்பமும் தன் பிணங்களைத் தானே புதைத்துக்கொண்டது. உணவுக்கு உரிய காசுகள் எல்லைக்கல்லின் துளைகளில் ஊற்றிய காடியில் இடப்பட்டன.

இத்தகைய ஊரில் விளையாட்டை மறுப்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. புனித அகஸ்தீன் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில், கண்களின் இச்சை என்று தாம் அழைக்கும் ஆவலை விளக்கும்போது, சிதைந்த பிணத்தைக் காண ஓடும் மக்களை எடுத்துக்காட்டுகிறார்: அக்காட்சியில் இன்பம் ஏதுமில்லை, அருவருப்பே மிஞ்சும்; எனினும் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி அவர்களை இழுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதைத் தொடர்ந்து, அறியவேண்டியதை அறியவேண்டிய நோக்கத்தோடு நாடும் முறையான அறிவு நாட்டத்தையும், நோக்கம் பிறழ்ந்த வீண் ஆவலையும் வேறுபடுத்தினார். கல்லறையை வெறும் துப்பாகவும், சாவை விடுகதையின் ஒரு வரியாகவும் ஆக்கும் தேடல் இரண்டாம் வகையில் சேருமென்று ஒருவர் கூறினால், அதற்கு உடனடி மறுப்பு இல்லை.

ஆயினும் விளையாட்டு என்பதாலேயே அது பக்திக்குப் பகையாகிவிடும் என்று கொள்வது பிழை. டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹைசிங்கா, 1938-இல் வெளியான ‘ஹோமோ லூடன்ஸ்’ என்ற நூலில், ஆடுகளமும் வழிபாட்டுக் களமும் ஒரே முறையில் பிறக்கின்றன என்று காட்டினார்: இரண்டும் அன்றாட வாழ்விலிருந்து கோடிட்டுப் பிரிக்கப்பட்ட இடங்கள், இரண்டிலும் உள்ளே நுழைபவர் தனி விதிகளைத் தாமாக ஏற்கிறார். இக்கருத்தை ஈம் ஊரின் எல்லைக்கல்லருகே நிறுத்திப் பார்த்தால் அதன் வலிமையும் குறைபாடும் ஒருங்கே தெரிகின்றன. அங்கே மதிலில்லை; தாண்டக்கூடாது என்று மனிதர் ஏற்ற ஒரு சொல்லே எல்லையாக நின்றது, அந்த அளவில் அது ஹைசிங்கா வரைந்த கோடுதான். ஆனால் ஆடுகளத்தைவிட்டு எவரும் எப்போதும் வெளியேறலாம்; இந்தக் கோட்டுக்குள் நின்றவருக்கோ வெளியேறாமையே சாவாக முடியக்கூடியதாக இருந்தது. அந்த ஏற்பும் எல்லோருக்கும் ஒரே தன்மையது அன்று. வசதியுள்ளோர் சிலர் முன்னதாகவே ஊரைவிட்டு நீங்கினர். ஈயச் சுரங்கத் தொழிலாளிக்குப் போக்கிடமில்லை. மாம்பெசனின் இரு பிள்ளைகளும் ஊர் அடைபடுமுன் யார்க்ஷயருக்கு அனுப்பப்பட்டனர். கணவரோடு தங்கிய அவர் மனைவி கேத்தரின் 1666 ஆகஸ்டில் மாண்டு கோயில் முற்றத்தில் அடக்கமானார். பிற்காலத்தார் கட்டிய தியாகக் கதை இந்த ஏற்றத்தாழ்வை மழுப்பிவிடுகிறது என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டியிருப்பது நியாயமானதே. ஆனால் தியாகம் தூய்மையாக இல்லாததால் அது தியாகமே அன்று என்று முடிப்பது அவசர முடிவாகும்.

ஊரின் கிழக்கே, ரைலி என்ற மேட்டில், வட்டமான கற்சுவருக்குள் ஹான்காக் குடும்பத்தின் நினைவுக் கற்கள் நிற்கின்றன. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்ட் 3 முதல் 10 வரை எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்து, அத்தனை பேரையும் ஒற்றையாளாகப் புதைத்தார். பலநிலைத் தேடல் எனப்படும் ஜியோகேச்சிங் வகையில், கல்வெட்டு அல்லது அறிவிப்புப் பலகையிலுள்ள எண்களைக் கூட்டிக் கழித்தே அடுத்த இடத்தின் அளவை அறிய வேண்டியிருக்கும். இந்தக் கற்களை அத்தகைய கணக்குக்கு உட்படுத்தினால், பிள்ளை முதலில் காண்பது எண்களைத்தான். அவ்வெண்களைத் தவறின்றி எடுத்தெழுத வேண்டியிருப்பதால், கடந்துபோகும் சுற்றுலாப் பயணி வாசிக்காமல் விட்டிருக்கக்கூடிய தேதிகளை அது ஒவ்வொன்றாக வாசிக்கிறது. ஒரே பெயர், ஒரே மாதம், அடுத்தடுத்த நாட்கள். அங்கே பிள்ளை கணக்கை நிறுத்தி, ‘இவங்க எல்லாரும் ஒரே வீடா?’ என்று கேட்குமாயின், அகஸ்தீன் அஞ்சிய ஆவல் வேறொன்றாக மாறத் தொடங்கிவிட்டது எனலாம்.

இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்யின் (1909–1943) கருத்து துணைசெய்கிறது. பள்ளிப் படிப்பைப் பற்றிய கட்டுரையொன்றில் அவர், முழுமையான கவனமே பிரார்த்தனையின் சாரம் என்றும், வடிவியல் கணக்கொன்றில் உண்மையாக மனத்தை ஊன்றியவர் விடை கிடைக்காவிட்டாலும் அந்தக் கவனத்தில் வளர்ந்திருக்கிறார் என்றும் வாதிட்டார். கிடைக்காத பெட்டிக்காகச் சுவரிடுக்குகளைத் துழாவிய பொழுதும் அவ்வகையில் வீணன்று. ஆனால் வெய் கூறும் கவனம் பொருளைப் பற்றிக்கொள்ள விரையாமல் காத்திருப்பது. நேரத்தை அளந்து, எண்ணிக்கை சேர்க்க அடுத்த பெட்டிக்கு ஓடும் தேடல் அதற்கு நேர்மாறானது. விளையாட்டு ஒருவரை இடத்தின் வாசல்வரை கொண்டுசெல்லும். அங்கே நிற்பது அவர் பொறுப்பு.

குடும்பமாகச் செல்வதில் இப்பொறுப்பு மேலும் கூர்மையடைகிறது. ‘அவங்க ஏன் ஓடிப்போகலை?’ என்று கேட்கும் பிள்ளைக்குப் பிறர்நலம் கருதித் தங்கினார்கள் என்ற விடையைத் தரும் பெற்றோர், ‘நம்மள அப்படி வெச்சிருப்பீங்களா?’ என்ற அடுத்த கேள்விக்கும் முகங்கொடுக்க வேண்டும். மாம்பெசன் தம் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தாம் தங்கினார். எலிசபெத்துக்கு அந்த வழி இருக்கவில்லை. அண்டை ஊர்ப் பிள்ளைகளின் உயிருக்காகத் தம் பிள்ளைகளை ஆபத்தில் நிறுத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டா என்பதற்கு எந்தச் சமயமும் எளிய விடை தந்துவிடவில்லை. தெரியவில்லை என்று பிள்ளையிடம் சொல்லும் பெற்றோர், தியாகத்தைப் புகழ்ந்து பேச்சை முடிப்பவரைவிட அந்தக் கற்களுக்கு அதிக மரியாதை செய்கிறார்.

ஆகவே இவ்விளையாட்டைத் தடுப்பதைவிட, பெட்டி இருக்கும் இடத்தைப் பற்றிக் கண்டிப்பாக இருப்பதே பொருத்தம். கல்லறைச் சுவரிலோ எல்லைக்கல்லின் துளையிலோ எதையும் செருகக்கூடாது. நில உரிமையாளரின் இசைவு பெற்று, ரைலி மேட்டைக் கடந்த பின்னர் வரும் பாதையோர வேலியில் பெட்டியை வைக்கலாம். அப்போது அதை நாடிச் செல்லும் குடும்பம் அந்த வட்டச் சுவரைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கும், துப்புக்காக அதனுள் எதையும் தொடவேண்டியும் இராது.