உத்தரவு போட்டாங்க, செஞ்சேன்

என் சித்தப்பா பையன் இரண்டாம் நிலைக் காவலர் பயிற்சியிலிருந்து முதல் லீவில் ஊருக்கு வந்திருந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கன்னம் ஒட்டி, கழுத்து கறுத்துப்போயிருந்தது. சித்தி கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே அழுதாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால்கூட அவனுக்கு முதுகு தானாக நிமிர்கிறது. "யாரு கூப்பிட்டாலும் வாயில மொதல்ல 'அய்யா'ன்னுதாண்ணே வருது" என்று சிரித்தான். திண்ணையில் இருந்த தாத்தா சிரிக்கவில்லை. "இதக் கத்துக்கிடவாடா அம்புட்டு தூரம் போன? நானே சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றார்.

கிழவர் கிண்டல் பண்ணுகிறார் என்று தள்ளிவிட முடியவில்லை. பண்ணையார் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு 'அய்யா' என்று காலம் முழுக்க நின்றவர் அவர். எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, எப்போது வாய் திறப்பது என்று நம்ம உடம்புக்கு ஊர் தலைமுறை தலைமுறையாகக் கவாத்து கொடுத்திருக்கிறது. பேரனுக்கு அதே பாடத்தைச் சம்பளத்தோடு, சீருடையோடு அரசாங்கம் கொடுக்கிறது. ஒரு வித்தியாசம்தான். தாத்தா கையில் லத்தி இல்லை.

1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடிக் காட்டித் தேர்வானவன் அவன். அவனுக்கு மறுபடி முதலிலிருந்து நிற்கவும் நடக்கவும் திரும்பவும் கற்றுக்கொடுக்கிறார்கள். சிப்பாய் பிறப்பதில்லை, செய்யப்படுகிறான் என்பதை 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைகளை வைத்து ஃபூக்கோ விளக்குவார். எங்க பையன் அதைப் படித்தவனில்லை. ஆனால் அவன் சொன்னது அதைவிடத் தெளிவாக இருந்தது: "ஒருத்தன் கால் தப்பா வச்சா மொத்த அணியும் ரைபிளத் தலைக்கு மேல தூக்கிட்டு கிரவுண்டச் சுத்தணும். தப்பு பண்ணினவன் மேலதாண்ணே ஆத்திரம் வருது. ஓட விட்டவரு மேல வரல." பயிற்சியின் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. கோபம் மேலே போகக் கூடாது, பக்கத்தில் பாய வேண்டும். சாதி அமைப்பும் இப்படித்தானே இத்தனை காலம் நின்றுகொண்டிருக்கிறது?

அங்கே நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊர் டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ் இருந்தது. அங்கே ஒரே வரிசை, ஒரே சோறு. ஆதிக்க சாதிப் பையன் குடித்த சொம்பில் இவனும் குடிக்கிறான். இவன் குடித்ததில் அவனும் குடிக்கிறான். ஆனாலும் ராத்திரி படுக்கையில் ஒருத்தன் கேட்கிறான்: "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?"

காக்கி நமக்குச் சும்மா கிடைத்ததும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரன் படையில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினான். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே முதலானோர், படையிலும் போலீசிலும் எங்களைச் சேர்த்துக்கொள் என்று லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். நுழையவே போராடிய இடம் இது. அதனால் 'போலீஸ் வேலைக்குப் போகிறவன் துரோகி' என்று மேடையில் சுலபமாகப் பேசும் தோழர்களோடு நான் இல்லை. அவன் சம்பளத்தில்தான் தங்கச்சி காலேஜ் போகப்போகிறாள்.

ஆனால் 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்துக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கியது போலீஸ். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன சனங்களைத் தாமிரபரணிக்குள் விரட்டியதும் போலீஸ்தான். 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்தப் படைகளில் நம்ம தெருப் பையன் ஒருத்தன்கூட இருந்திருக்க மாட்டானா? இருந்திருந்தால் ராத்திரி தன் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான்? "உத்தரவு போட்டாங்க, செஞ்சேன்" என்றுதானே?

இந்தப் பதில் போதுமா என்பதுதான் என் கேள்வி.

சட்டமே போதாது என்கிறது. அவன் பயிற்சியில் படிக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆம் பிரிவில் ஓர் உதாரணம் வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 76ஆம் பிரிவில் இருந்ததுதான். மேலதிகாரி உத்தரவுப்படி கூட்டத்தைச் சுட்ட சிப்பாய் குற்றவாளியல்ல, ஆனால் அது சட்டத்தின் கட்டளைக்கு உட்பட்டிருக்க வேண்டும். வகுப்பறையில் இந்த 'ஆனால்' இருக்கிறது. கவாத்து மைதானத்தில் இல்லை. வகுப்பறை வாரத்தில் சில மணி நேரம், மைதானம் தினமும். எது உடம்பில் ஊறும்?

வாச்சாத்தியில் 1992 ஜூனில் நடந்த கொடூரத்துக்கு 269 பேர் மீது வழக்கு. அதில் 108 பேர் போலீஸ். 2011இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் இருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 'மேலே சொன்னாங்க' என்பது அங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது பட்டியல் சாதியையும் பழங்குடியையும் சேராதவர்களைத்தான். கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கும் 4ஆம் பிரிவும் அப்படியே. நம்ம பையன் நம்ம தெருவில் லத்தி வீசினால் அந்தச் சட்டம் அவனைத் தொடாது. அப்படி இருப்பது சரிதான். ஆனால் சட்டம் விட்ட அந்த இடத்தில் அவன் தன்னையே விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த விசாரணைக்கு எந்தப் பள்ளியிலும் பயிற்சி இல்லை.

"அப்ப நான் என்னண்ணே செய்யணும்? எதுத்துப் பேசினா மெமோ, அப்புறம் சஸ்பெண்டு" என்றான். சம்பளம் போகிற பயம் இல்லாத நான் வீரம் பேசுவது சுலபம். அதனால் சாத்தான்குளத்தைச் சொன்னேன். 2020 ஜூனில் தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்டார்களே, அவர்கள் தலித்துகள் அல்லர். அந்த ஸ்டேஷனில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், ராத்திரி நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் பயந்து பயந்துதான் சொன்னார். ஆனாலும் சொன்னார். அவரும் இதே 'அய்யா' சொல்லிப் பழகியவர்தான். உத்தரவைத் தடுக்க முடியாதவன் ஓங்கிய கையை மெல்ல இறக்கலாம். அதுவும் முடியாதவன் கண்டதைக் கண்டபடி சொல்லலாம். இதற்குக் கீழே இறங்க நமக்கு உரிமை இல்லை. ஏனென்றால் அந்த அடி எப்படி வலிக்கும் என்பது நமக்குத் தெரியாதது இல்லை.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசி பஸ்சுக்குக் கிளம்பும்போது கேட்டான்: "சரிண்ணே, நான் சாட்சி சொல்லி வேலை போச்சுன்னா, உங்க இயக்கம் என் வீட்டுக்கு அரிசி போடுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவனிடம் நியாயம் கேட்பதற்கு முன்னால் நாம் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும் தோழர்களே.